ஏழு உதை

11 ஜூன் 1973, திங்கள்

பேண்ட்டில் கறை படக்கூடாது என்பதுதான் காரணம். வேறொன்றுமில்லை.

என் அண்ணா, மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வெள்ளைச் சட்டை, டை, தோல் பை. நாள் முழுவதும் டாக்டர்களின் வாசலில் நிற்கிறவன். வண்டி, ராணுவ ஏலத்தில் வந்த பழைய மோட்டார் சைக்கிள். ராத்திரி முழுக்க நின்றால் கிளச்சின் தட்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அப்படியே ஸ்டார்ட் செய்து கியர் போட்டால், கிளச்சைப் பிடித்திருந்தாலும் வண்டி நிற்காது, பாயும். அதனால் காலையில் சாவி போடுவதற்கு முன்பே, கிளச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைக்க வேண்டும். முதல் மூன்று நான்கு தடவை எஞ்சின் காலைத் திருப்பித் தள்ளும். பிறகு சட்டென்று கால் வெறுமையில் இறங்கும். தட்டுகள் பிரிந்துவிட்டன. நான் ஏழு என்று வைத்திருக்கிறேன். நாலே போதும் என்கிறான் அண்ணா.

அவன் ஆறரைக்கே குளித்துவிடுவான். குளித்தபின் கிரீஸைத் தொடமாட்டான். நான் எட்டு மணிக்குத்தான் குளிக்கிறேன். ஆகவே இது என் வேலை ஆயிற்று.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவனுடையது. நான் பின்கட்டு அறையில் சாக்கில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்னைப் பார்த்தால் அன்றைக்குக் குளியலைத் தள்ளிவைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துக்குப் போவான். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்த்தால் தெரியும். அவ்வளவுதான்.

16 ஜூன், சனி

சேப்பாக்கத்தில், நான் ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத் துறையில் கருத்தரங்கு. 'காரணம்' என்ற கருத்தைப் பற்றி நான் எழுதிய நாற்பது பக்கங்களில் பத்தைப் படித்தேன். ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது. தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து சாக்கைப் பார்த்தேன். சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தது.

இருபத்து நான்கு வயது. தட்டை நானே அலம்பிக் கவிழ்த்து, யாரையும் தொடாமல், தண்ணீருக்குக்கூடக் குரல் கொடுத்து. எத்தனை வருடம்?

இந்த முறை சொல்லப்போவதில்லை. சண்டை வேண்டாம். சொல்லாமல் இருந்தால் போதும்.

23 ஜூன், சனி

ஷஃபியுல்லா பாய் வந்திருந்தார். திருவல்லிக்கேணியில் கடை, எங்கள் வண்டிக்கு மட்டும் வீட்டுக்கே வருவார். சந்தில் சாக்கு விரித்து, கிளச் மூடிக்குள் எண்ணெய் மாற்றினார்.

அண்ணா சொன்னான், "பாய், இவ தினம் ஒதைக்கறதுக்குச் சம்பளம் கேக்கறா."

"கேக்கட்டுமே சார். நம்ம கடையில வந்து குந்தட்டும், நாளைக்கே வேல போட்டுத் தரேன். உன்ன மாரி கிரீஸப் பாத்து மூஞ்சி சுளிக்காது."

"தத்துவம் படிச்சவ பாய்."

"இன்னாவோ ஒண்ணு படிச்சுக்கினு போவட்டும். கால் நல்லா எறங்குது. அதான் வேணும்."

போகும்போது அண்ணாவிடம் இரண்டு தரம் சொன்னார்: "புது ஆயிலு சார், கெட்டியா கீது. காலைல உதைக்காம மட்டும் எடுத்துடாத."

நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

25 ஜூன், திங்கள்

பிற்பகல் மூன்று மணிக்கு. சொல்லவில்லை.

சமையலறைக்குள் போனேன். தண்ணீர் மொண்டேன். ஊறுகாய் ஜாடியைத் தொட்டேன், வேண்டுமென்றே. சாயங்காலம் அம்மா, "கண்ணு கூசறதுடி, நீ விளக்கேத்திடு" என்றாள். ஏற்றினேன். திரி எரிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காது என்பதுதான் விஷயம்.

4 ஜூலை, புதன்

அண்ணா இல்லை. ஜூன் 26, காலை ஏழு ஐம்பது.

5 ஜூலை, வியாழன்

எழுதிவிட வேண்டும். வரிசையாக.

அன்று காலை வயிற்றுவலி. எழுந்திருக்க முடியவில்லை. அவன் ஆறு மணிக்கு எழுந்தபோது நான் கூடத்தில், எப்போதும் படுக்கிற இடத்தில் படுத்திருந்தேன். பின்கட்டில் இல்லை. பார்த்தான். குளிக்கப் போனான்.

ஏழரைக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா சந்தேகப்படக்கூடாதே என்று. சந்துக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு இருந்தது. உதைத்தால் வலி கூடும். அவன் இன்னும் சாப்பிடவில்லை, நேரம் இருக்கிறது. காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் எப்போது சாப்பிட்டு எழுந்தான்?

ஸ்டாண்டிலிருந்து வண்டி இறங்கும் சத்தம். கேட் திறக்கும் சத்தம்.

சொல்லியிருக்கலாம். இன்னிக்கு ஒதைக்கலைடா, நீ ஒதைச்சுக்கோ — நான்கு வார்த்தை. ஏன் என்று கேட்பான். அம்மா பக்கத்தில் நின்றாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு மூச்சு நேரம். அதற்குள் ஒரே உதையில் எஞ்சின் பிடித்துவிட்டது.

கேட்டிலிருந்து கச்சேரி ரோடுக்குச் சிமெண்ட் சரிவு. சரிவின் மேல் நின்று கியர் போடுவான். மணல் லாரி. லாரிக்காரன் பிரேக் பிடித்தான் என்று தெருவே சொல்கிறது. அவன்மேல் தப்பில்லை.

தம்ளர் என் கையில் இருந்தது. வைத்துவிட்டா ஓடினேன், கையில் பிடித்துக்கொண்டா, தெரியவில்லை.

7 ஜூலை, சனி

இந்தப் பத்து நாளும் வீடு முழுக்கத் தீட்டு. எல்லாரும் எல்லாவற்றையும் தொட்டோம்.

9 ஜூலை, திங்கள்

நேற்றோடு பதின்மூன்று முடிந்தது. தி.நகரிலிருந்து சுவாமிநாதன் சித்தப்பா இன்றும் வந்தார். அப்பா போனபின் இந்த வீட்டுக்கு ஆண் என்றால் அண்ணாவும் அவரும்தான். இனி அவர் மட்டும்.

வண்டியை ஸ்டேஷனில் வைத்து மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்திருக்கிறார். கிளச்சைப் பிடித்தும் விடுபடவில்லை, பழுது என்று எழுதிவிட்டார். மூன்று நாள் முன்னால் கிளச்சில் கை வைத்தவன் யார்? சித்தப்பா புகார் கொடுத்துவிட்டார்.

"அந்த மெக்கானிக் என்ன சொல்றான் தெரியுமோ? காலம்பற ஒதைக்கணுமாம். ஒதைக்காம எடுத்திருப்பாராம். ஏண்டி நீரஜா, நீதானே ஒதைப்பே? அன்னிக்கு ஒதைச்சியோல்லியோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா: "அவ ஒரு நாள் விட்டதில்லே. ஆத்துல இல்லாத அந்த மூணு நாள்தான் அவன் பண்ணிப்பான். அன்னிக்கு இவ அடுப்படியிலதானே நின்னுண்டிருந்தா."

"அவ்வளவுதான். ஒதைச்சும் ஒட்டிண்டிருக்குன்னா, ரிப்பேர் பண்ணினவன் தப்பு. ஸ்டேஷன்ல சொல்லிடறேன்."

என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையாட்டியதாக எடுத்துக்கொண்டார்.

தலையாட்டவில்லை. ஆனால் — என்ன வித்தியாசம்?

11 ஜூலை, புதன்

சித்தப்பா கையெழுத்துப் போட்டு வண்டியை மீட்டு வந்தார். விற்கவேண்டுமாம். முன்சக்கரம் நசுங்கியிருக்கிறது. பின்பாதி அப்படியே இருக்கிறது. சந்தில், பழைய இடத்தில்.

அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

12 ஜூலை, வியாழன்

அண்ணாவின் மேஜையில் வண்டியின் கைப்புத்தகம் இருந்தது. 'கிளச் விடுபடாமை: காரணங்கள்.' ஒன்று, கேபிள் தளர்வு. இரண்டு, உள்ளே தள்ளும் கம்பி வளைந்திருத்தல். மூன்று, ஸ்பிரிங்குகள் ஒரே அளவில் முடுக்கப்படாமை. நான்கு, தட்டுகள் கோணியிருத்தல். ஐந்து, இரவில் ஒட்டிக்கொள்ளுதல்.

முதல் நான்கில் ஒன்று இருந்தால், பாயின் தவறு. ஐந்தாவது என்றால் நான்.

முதல் நான்கில் ஒன்று இருக்கவேண்டும் என்று விரும்பினேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்க முடியாதபடி: அந்த மனிதர் தவறு செய்திருக்க வேண்டுமென்று விரும்பினேன்.

கேபிள்: லீவர் பிடிக்குமுன் வெறுமனே ஆடும் தூரம் ஒரு காசு கனம். புத்தகத்தில் சொன்ன அளவு. பிசிறு இல்லை. மடிப்பு இல்லை.

13 ஜூலை, வெள்ளி

காலை ஆறு. வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினேன். பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. முதல் கியர். லீவரைப் பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டினேன். சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அசையவில்லை. முழுப்பலம் கொடுத்தேன். எஞ்சினோடு சேர்ந்து இறுகிக் கிடக்கிறது.

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உதைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, எதிர்த்தது. நான்கு. ஐந்தில் கால் வெறுமையில் இறங்கியது. இரண்டு சேர்த்து உதைத்தேன். மறுபடி முதல் கியர். சக்கரம் ஒரு விரலுக்குச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

கம்பி வளைந்திருந்தால் உதைத்தாலும் இப்படி விடாது. இரண்டாவதையும் அடிக்க வேண்டியதுதான்.

ஒரு தடவை போதாது. நாளையும் பார்ப்பேன்.

14 ஜூலை, சனி

ஆறில் விட்டது.

மத்தியானம் வாசலில் ஒரு பெண். கறுப்புப் புர்கா, முகத்திரையை மேலே தள்ளியிருந்தாள். பாயின் மனைவி, நஸ்ருன்னிசா. அம்மா நிலைப்படிக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

"மாமி, தெனம் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்றாங்க. சாயங்காலம் ஆறு வரிக்கும் பெஞ்சில குந்த வெச்சுட்டு அனுப்புறாங்க. ஸ்பானரு, ஸ்குரூ டிரைவரு எல்லாத்தையும் தூக்கினு போய்ட்டாங்க. முப்பதாந் தேதி கோர்ட்டாம். நீங்க ஒரு வார்த்த சொன்னா —"

"நான் என்னம்மா சொல்றது. எனக்குப் பிள்ளை போயிட்டான்."

"அல்லா சாட்சியா மாமி, எனக்குந் தெரியும். உங்க புள்ள எங்கூட்டுக்கு வந்தா எம்பொண்ண மடியில வெச்சுக்கினுதான் டீ குடிப்பாரு. நான் சண்டை போட வரல. இவுரு கை வெச்ச வண்டி ஒண்ணு இப்பிடி ஆனதில்ல, அத்தச் சொல்லிக்க வந்தேன்."

அம்மா அழ ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணும் அழுதாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

15 ஜூலை, ஞாயிறு

காலையில் நான்கில் விட்டது.

அம்மா மத்தியானம் தூங்கும்போது கிளச் மூடியைத் திறந்தேன். நடுவில் ஒரே பெரிய நட்டுதான். பாய் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெயைப் பழைய அலுமினியச் சட்டியில் பிடித்தேன். லீவரை இழுத்துக் கட்டிவிட்டுக் குந்திப் பார்த்தேன். தட்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளியே வருகிறது. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கவில்லை. தபால் அட்டையைச் சொருகி நான்கு இடத்தில் பார்த்தேன். ஒரே இடைவெளி. மூன்றும் இல்லை, நான்கும் இல்லை.

சுத்தமான வேலை. ஒவ்வொரு திருகிலும் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் முடுக்கியிருக்கிறார்.

மூடியைத் திரும்பப் போட்டு, பிடித்த எண்ணெயையே ஊற்றினேன். கை அலம்ப அரை மணி ஆயிற்று.

17 ஜூலை, செவ்வாய்

ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம் வரை போனேன். வராந்தாவில் பெஞ்சு. அதன் நுனியில் பாய், முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். கான்ஸ்டபிள் தடுக்கவில்லை. தெருவைத் தாண்டி வந்தார்.

"இன்னா தங்கச்சி, இங்க எதுக்கு வந்த? அம்மா எப்டி கீறாங்க?"

"இருக்கா."

"சாப்புடறாங்களா?"

"கொஞ்சம்."

பிறகு கேட்டார்: "நாலு நாளா ஒண்ணே ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிக்கினு கீது. எஸ்.ஐ. சொல்றாரு, தங்கச்சி அன்னிக்கும் உதைச்சுச்சாம். உதைச்சா ஒட்டாதே. நீ உதைச்சும் ஒட்டிச்சுன்னா, நான் எங்கியோ தப்பு பண்ணிக்கிறேன். எதுல தப்பு பண்ணேன்? ஸ்பிரிங்கா? தட்டா? பதினெட்டு வருசம். ஒண்ணும் புரியல. நீயாச்சும் சொல்லு, நெஜமா உதைச்சியா?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்டார். நான் சொன்ன பதில்: "அம்மா தேடுவா, நான் போறேன்."

இதைவிடக் கேவலமாக எதையும் நான் செய்ததில்லை. அடுப்படியில் பேசாமல் நின்றது ஒரு மூச்சு. இது மூன்று வாரம்.

18 ஜூலை, புதன்

ஏன் சொல்ல முடியவில்லை? ஜெயிலுக்குப் பயமா? உதைக்காததற்கு எந்தச் சட்டமும் கிடையாது.

உதைக்கலை என்றால் ஏன் உதைக்கலை. அந்த இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அம்மாவுக்குக் கிளச் காதில் விழாது. தூரமாக இருந்தவள் விளக்கேற்றினாள், மறுநாள் பிள்ளை போனான். அவள் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். நான் எந்த மூடத்தனத்துக்கு எதிராக நின்றேனோ அதற்குச் சாட்சியாக என் அண்ணாவின் உடம்பையே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இதையும் எழுதவேண்டும். பின்கட்டில் உட்கார்ந்திருந்தால் அவன் என்னைப் பார்த்திருப்பான். அவனே உதைத்திருப்பான். இன்று உயிரோடு இருப்பான். எப்படிக் கூட்டினாலும் இதுதான் வருகிறது. என் நாற்பது பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

19 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். முதலில் கிளச்சை விளக்கினேன். கோழை. தட்டு, எண்ணெய், சக்கரம், எத்தனையாவது உதையில் விட்டது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அன்றைக்கு உதைக்கவில்லை என்றேன். பிறகு, ஏன் என்று.

கீரைத் தண்டை ஒடித்த கை நின்றது.

"எப்போலேருந்து?"

"முந்தின நாள் மூணு மணிலேருந்து."

"விளக்கேத்தினியே."

"ஏத்தினேன்."

"நான்தான் ஏத்தச் சொன்னேன்."

"அம்மா, அது இல்லேம்மா. வண்டிய ஒதைக்காததாலதான். ஒதைச்சிருந்தா —"

"நான்தானே சொன்னேன், கண்ணு கூசறதுன்னு."

கீரையை முறத்தோடு கொல்லையில் கொட்டினாள். ஸ்வாமி அலமாரியிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து வெளியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் உதவப் போனேன். "தொடாதே" என்றாள். கத்தவில்லை. சும்மா, பால் பொங்கறது பார் என்று சொல்லுகிற மாதிரி.

21 ஜூலை, சனி

சித்தப்பா வந்தார். அம்மா சொல்லியிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நடந்தது நடந்து போச்சு. இதைப் போய் ஸ்டேஷன்ல யாராவது சொல்லுவாளா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா? அவனுக்கு என்ன, அபராதம் போடுவா, கட்டிட்டுப் போறான்."

"அவர் தப்பு பண்ணலே, சித்தப்பா."

"உன் தப்பை எழுதிக் குடுத்தா சுந்தரராமன் வந்துடுவானா?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "அவ போகட்டும்" என்றாள். எனக்குச் சாதகமாகச் சொன்னாளா, என்னைக் கைகழுவினாளா? கேட்கத் தைரியமில்லை.

மூன்று மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. தனபாலன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "படிச்ச பொண்ணு, பாவம் பாத்து அந்த பாயைக் காப்பாத்த வந்திருக்கியாம்மா?" என்றார். வந்து பாருங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது.

23 ஜூலை, திங்கள்

ஏழு மணிக்கு வந்தார்கள். எஸ்.ஐ., ஒரு ரைட்டர், பாய். கேட்டைத் திறந்தே வைத்தேன். தெரு எட்டிப் பார்த்தது.

நாடாவால் லீவரைக் கட்டினேன். கியர். எஸ்.ஐ. சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். வரவில்லை. ரைட்டர் முயன்றார். வரவில்லை. "இதைத்தாம்மா இன்ஸ்பெக்டரும் எழுதியிருக்காரு" என்றார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தேன். தெருவில் யாரோ சிரித்தார்கள். ஐந்தில் விட்டது. ஏழு வரை உதைத்தேன். "இப்போ சுத்துங்கோ."

சுற்றியது. எஸ்.ஐ. கையை எடுத்தபின்பும் சுற்றிக்கொண்டிருந்தது.

பாய் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். நிம்மதி என்று நினைத்தேன். அவர் சொன்னது: "ரெண்டு தபா சொன்னேனே சார்கிட்ட. உங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தங்கச்சி." அவரும் தேடிக்கொண்டிருக்கிறார், தன் பங்கை.

கூடத்தில் உட்கார்ந்து ரைட்டர் எழுதினார்.

"தினமும் உதைப்பீங்க. அன்னிக்கு ஏன் உதைக்கலை?"

"மாதவிலக்கு. அது வீட்டில் தெரியாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்."

பேனா நின்றது. ரைட்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. ஜன்னலைப் பார்த்தார். "உடம்பு சரியில்லைன்னு போடுய்யா."

"அப்படி இல்லை. சரியில்லாததால் மட்டும் இல்லை. அவனுக்குத் தெரியாமல் —"

"ஏம்மா, இது கோர்ட்டுல நாலு பேர் முன்னாடி படிக்கிற காகிதம். எனக்கும் பொண்ணுங்க இருக்கு. போதும் விடும்மா."

'அன்று எனக்கு உடல்நலம் சரியில்லாததால்.' படித்துக் காட்டினார்கள். பாயைக் காப்பாற்ற அது போதும். அதற்குமேல் யாருக்கும் தேவையில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

24 ஜூலை, செவ்வாய்

பாயை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்பானர்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கடையைத் திருப்பித் தரவில்லை: பூட்டிக் கிடந்த இரண்டு வாரத்தில் கட்டடத்துக்காரர் டயர்க்காரனுக்கு விட்டுவிட்டார். நஸ்ருன்னிசா வந்து வாசலில் நின்றே சொன்னாள். நன்றி சொல்லவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீ" என்றாள்.

"ஆமாம்" என்றேன்.

25 ஜூலை, புதன்

அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டி, அண்ணாவின் படம். எனக்கு இரண்டு நாளுக்கு ரசம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

26 ஜூலை, வியாழன்

இன்று அண்ணாவுக்கு மாசியம், முதல் மாதத் திதி. தி.நகரில். எட்டு மணிக்குச் சித்தப்பா ஆள் அனுப்பினார்: நான் வரவேண்டாம் என்று அம்மா சொன்னாளாம். வந்தவர் அதைச் சொல்லத் திணறினார். காப்பி கொடுத்தேன்; வேண்டாமென்று போய்விட்டார்.

ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். பாத்திரங்களை அலம்பினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒன்பதே காலுக்குப் பஸ் பிடித்து, சேப்பாக்கத்துக்கு, துறைக்குப் போனேன்.